ஊர் நடுவே நடந்த மருத்துவச்சி

மலையடிவாரத்துக் காரவள்ளி ஊர் ஆத்தாயிக்கு இருபத்திரண்டு வயதில் புருஷன் செத்தான். மூலையில் உட்கார் என்றது உறவு. அவள் சேலத்துக்குப் போய்ப் பேறுகால மருத்துவம் படித்தாள். 1934-இல் ஜில்லா போர்டார் அவளைக் கொல்லிமலைக்கு மருத்துவச்சியாக அனுப்பினார்கள். தேவனூர் நாட்டில் ஊருக்கு வெளியே ஒரு குடிசை, ஒரு தகரப் பெட்டி, நடந்தே சுற்ற இரண்டு நாடு. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு.

அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. பிள்ளை பெற்றவள் ஊருக்கு வெளியே தனிக்குடிசையில் கிடக்க வேண்டும். அவளைத் தொட்டவர்கள் ஏழு நாள் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. அவர்களைத் தொடுகிறவர்களுக்கும் அதே ஏழு நாள். குண்டனி நாட்டுக்குப் போகும் ஒரே தடம் ஊரின் நடுவே போகிறது. ஆத்தாயி கையைக் கழுவிக்கொண்டு அந்தத் தடத்திலேயே நடந்தாள்.

ஊர்க்கவுண்டர் காளியண்ணன் புகார் சொல்லி அனுப்பினார். போர்டின் மேற்பார்வையாளர் டோலியில் மலையேறி வந்தார். தூக்கி வந்தவர்களின் வேர்வை காயுமுன் ஊர் எல்லையில் விசாரணை தொடங்கிவிட்டது.

“ஊரை அனுசரிச்சுப் போம்மா. ஏழு நாள் வெளியே இருந்தா என்ன குடி முழுகிப்போகுது?” என்றார் அவர்.

“இந்த மாசம் அஞ்சு பேருக்கு நாளுங்க. நான் குந்திக்கிட்டா வலிய யாருங்க நிறுத்தி வெப்பாங்க? கவுண்டருங்களா?”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

“தீட்டுக்கு மருந்து படிக்கலியா, கண்ணு?” என்றார் கவுண்டர்.

“படிச்சேனுங்க. சோப்பு.”

மேற்பார்வையாளர் எரிச்சலானார். “மீறினா வேலை போயிரும்.”

“அப்ப அந்த ஏழு நாள உத்தரவா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதுக்குள்ள எவளாச்சும் செத்தா, கடுதாசிய அவ புருஷங்கிட்டக் குடுத்துடறேன்.”

பேனாவைத் திறந்தவர் மூடிக்கொண்டார். உத்தரவு போட நாக்கு நீளும். பொறுப்பேற்கக் கை வராது. அதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

அப்போது குண்டனியிலிருந்து குழந்தைசாமி ஓடிவந்தான். “ஏனுங்க, பாப்பாயிக்கு நேத்துலருந்து வலிங்க. புள்ள எறங்கலீங்க.”

அன்று விடியலில்தான் ஆத்தாயி ஒரு பேறு பார்த்திருந்தாள். பெட்டியை எடுத்தாள். ஊர் ஆண்கள் தடத்தை மறித்து நின்றார்கள்.

“தடுக்கறவங்க என் கையப் புடிச்சுத் தடுங்க,” என்று அவள் நடந்தாள்.

தொட்டால் ஏழு நாள் காட்டில் படுக்க வேண்டும். ராகி அறுவடைக் காலம். ஒருவர் கையும் நீளவில்லை, ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள்.

பாப்பாயியும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அடுத்த மாதம் போர்டு ஆத்தாயியை நீக்கியது. அவள் மலையிறங்கவில்லை. பெண்கள் கொண்டுவந்து வைத்த ராகியையும் கிழங்கையும் தின்று, பதினோரு வருஷம் அதே தடத்தில் பேறு பார்க்கப் போனாள்.