சத்தம் உள்ளதையெல்லாம் போடு

அண்ணன் ஈப்போவில் படித்து முடித்துக் கொண்டுவந்த மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது. பேட்டரி செத்துப்போய், ஒயரைச் செருகினால்தான் உயிர் வரும். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். பதினொரு வயதில் எனக்கு அதை மிகவும் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் அதுதான்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பவர். தோட்டக் கோயிலுக்குத் தலைவர். அந்த வருடம் திருவிழாவில் பாட்டுப் போடும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு பாட்டாகத் தட்டிக்கொண்டிருந்தால் பொங்கல் தின்ன முடியாதே என்று, தானாகவே ஒன்றன்பின் ஒன்றாகப் போடும்படி நான்கு வரியில் ஒரு நிரல் எழுதினேன். பாட்டுகள் இருக்கும் இடத்தில் மட்டும் தேடச் சொல் என்றுதான் அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தான். அங்கே இருந்ததே பதினாறு பாட்டு. எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. கணினி முழுக்கத் தேடு, சத்தம் உள்ளதையெல்லாம் போடு என்று மாற்றிவிட்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

காலையில் அம்மன் பாட்டு ஸ்பீக்கரில் மலைச்சரிவு முழுக்கக் கேட்டது. கியா பார்மில் காய்கறிக் கடை வைத்திருந்த மாமாகூட, "பரவால்ல லா, பாப்பா பெரிய ஆளாயிட்டா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பாட்டு முடிந்ததும் ஓர் இருமல் வந்தது.

அடிநெஞ்சிலிருந்து கிளம்பி, மூச்சை இழுத்து, கெட்டில் கொதிப்பது போல் விசிலடித்து, மறுபடியும் இருமல். பொங்கல் கிண்டிய அகப்பைகள் அப்படியே நின்றன. ஒருவரும் சிரிக்கவில்லை. வரிசையாக ஒட்டியிருந்த லயத்து வீடுகளுக்கு நடுவே வெறும் பலகைச் சுவர்தான். அது யாருடைய இருமல் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒருவருக்குத்தான் தெரியவில்லை.

"யாரு லா இது, இப்படி இருமுறது?" என்றார் அப்பா. "பாவம், மொதல்ல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

ஸ்பீக்கர்தான் பதில் சொன்னது, அம்மாவின் குரலில்.

"என்னங்க, கொஞ்சம் எந்திரிச்சி உக்காருங்க. தண்ணி குடிங்க."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினேன்.

'குளிருதான், வேற ஒண்ணுமில்ல' என்று சொல்லியே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதிருந்த அப்பா தூங்கும்போது, டாக்டரிடம் போட்டுக் காட்டுவதற்காக அண்ணன் ரகசியமாகப் பதிவு செய்தது அது. இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. ஊர்முன்னால் அப்பாவை அவமானப்படுத்திவிட்டேன் என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, ஒரே கட்டளையில் அந்தப் பதிவை அழித்தேன். அந்தக் கணினியில் அழித்தது அழித்ததுதான்.

மறுநாள் காலை அப்பா திருவிழாச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "பாப்பா, அந்த இருமல போன்ல ஏத்திக் குடுமா. டாக்டருக்குக் காட்டணும்."

"அழிச்சிட்டேன்பா. இனிமே வராது," என்றேன் பெருமையாக.

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். அப்பா சிரிக்க ஆரம்பித்தார்; சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. "அப்ப நானே போய்த்தான் காட்டணும்" என்று சொல்லி, அண்ணனோடு வேனில் ஏறினார்.

அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அதான் அழித்தாயிற்றே, டாக்டர் இனி எதைக் கேட்கப் போகிறார் என்ற தைரியத்தில் வேனைப் பார்த்துக் கையசைத்தேன்.