இரண்டாவது சாட்சி

கருந்துளைகளில் சிறியவை உண்டு, ராட்சதங்களும் உண்டு. இடைப்பட்டவைதான் அகப்படுவதில்லை. வேறு விண்மீன் மண்டலங்களில் அவற்றைத் தேடுவதே என் ஆய்வு. "இல்லாத ஒண்டத் தேடுறதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று எங்கள் ஊரான சாய்ந்தமருதில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. எரிச்சலாக இருக்கும். சிரித்துவிட்டு மாடி அறைக்குப் போய்க் கணினியைத் திறப்பேன்.

போன வருடம் ஒன்று அகப்பட்டது. ஒரு விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில், வெறும் இருட்டென்று நினைத்த இடத்தில், எக்ஸ்ரே ஒளி திடீரென்று பெருகி மெல்ல அடங்கியிருந்தது. பக்கத்தில் போன விண்மீன் ஒன்றைக் கருந்துளை கிழித்துத் தின்ற தடம் அது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியனைப் போல் பல ஆயிரம் மடங்கு எடை. நான் தேடிய அதே இடைத்தரம்.

உடனே எழுதி அனுப்பச் சொன்னார் வெளிநாட்டிலிருக்கும் என் பேராசிரியர். வாப்பாவிடமும் சொன்னேன். அவர் எங்கள் பள்ளிவாசலின் பிறை பார்க்கும் குழுவில் இருப்பவர். ஒரு முறை பெருநாள் பிறையைத் தான் மட்டும் கண்டு சொல்லப்போய், இன்னொரு சாட்சி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர்.

"எத்தின பேர் கண்ட?" என்றார்.

"ஒரு தொலைநோக்கிதான், வாப்பா."

"ஒராள் கண்டு பெருநாள் எடுக்க ஏலா, மகள். இன்னொண்டும் காணட்டும்."

இரண்டாவது சாட்சி கேட்பது எங்கள் ஊரில் ரத்தத்தில் ஊறியது. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. இன்னொரு தொலைநோக்கியின் பழைய பதிவுகளில் அதே ஒளியைத் தேடி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் கிடைத்தது. மங்கல்தான்; ஆனால் அதே இடம், அதே நாட்கள். நான் எழுதி முடிக்கிற வாரத்தில் வேறொரு நாட்டுக் குழுவின் கட்டுரை வெளிவந்தது. என் மண்டலம், என் ஓரம், என் ஒளி. அவர்களிடம் இருந்ததோ ஒரே தொலைநோக்கி.

அவர்கள் கண்டதை உறுதிப்படுத்தியதாக எழுதிவிடு, அதுவும் பயனுள்ள வேலைதான் என்றார் பேராசிரியர். பயனுள்ள வேலையாம்!

வாப்பாவிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! இப்ப ரெண்டு சாட்சி ஆச்சு. இனி ஒருத்தரும் இல்லயெண்டு சொல்ல ஏலா. நீ என்னத்துக்குப் புள்ள அழுற?"

எங்கள் தொழிலில் இரண்டாவதாகக் கண்டவருக்கு ஒன்றுமே கிடையாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? மேலே போய்க் கட்டுரையைத் திறந்தேன். முதல் வரியில் இருந்த 'நாங்கள் கண்டோம்' என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அந்தக் குழுவினரின் பெயர்களை எழுதினேன்.