கோபத்துக்கு மூன்று நிமிடம்

இந்த ஊரில் கோபப்படுவதற்கும் விளக்கு வைத்திருக்கிறார்கள். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடித்துக்கொள்ள வேண்டும், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம். தாம்பரத்தில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சோள வயலில் அடுக்குமாடி வீடுகள் கட்டலாமா என்று கவுண்ட்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் மக்களிடம் கருத்துக் கேட்ட கூட்டத்தில்தான் அந்த விளக்கைப் பார்த்தேன். "வரப்போகிறவர்கள் எல்லாம் வாடகைக்காரர்கள். நம் தெரு நாசமாகிவிடும். நீயும் வந்து பேசு" என்று பக்கத்து வீட்டு கேரல் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். நர்ஸ் வேலைக்கென்று இங்கே வந்து, வாடகை அறைகளில் குப்பை கொட்டி, சொந்த வீட்டுக்கு மாறி எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் வாயிலிருந்து வந்த 'நம் தெரு' எனக்கு இனித்தது.

கருத்துக் கேட்பது எனக்குப் புதிதல்ல. அறுபதுகளில், நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்த சமயம், தாம்பரத்தை ஒட்டிய எங்கள் ஊர் பீர்க்கன்கரணையில் தண்டோரா போட்டார்கள். ஏரிக்குக் கீழே உள்ள நிலங்களை எடுத்துக் காலனி கட்டப்போகிறார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று. எங்கள் வீடும் வயலும் அங்கேதான் இருந்தன. ஊரே திரண்டு போனோம். புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி, "ஒவ்வொருத்தரா பேசுங்க" என்றார். எங்களுக்கு அது பழக்கமில்லை. சாவானாலும் சண்டையானாலும் எல்லோரும் சேர்ந்து பேசினால்தான் ஊர் பேசியதாகக் கணக்கு. ஒருவன் தனியாக எழுந்து பேசினால் அவனுக்கு மட்டும்தான் குறை என்று ஆகிவிடும். எனவே அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். "இன்னா சார், கூப்ட்டுகினு வந்துட்டு காது குடுக்காம போறீங்களே!" என்று என் அண்ணன் சாமுவேல் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினான். புழுதிதான் பதில். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

அடுத்து வயலுக்கு நடுவே அளவுக் கற்களை நட்டார்கள். அண்ணன் கடப்பாரையை எடுத்தான். "கல்லு கீதுன்னாதான காலனி வரும்? கல்லே இல்லன்னா எங்கேந்து வரும்?" எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. வரப்புச் சண்டையில் வளர்ந்தவர்களுக்குக் கல் எங்கேயோ அங்கேதான் நிலம். பட்டணத்தில் ஏதோ ஓர் அறையில் வரைபடம் இருக்கிறது, அதிலிருந்து கல்லைப் பிடுங்க எந்தக் கடப்பாரையாலும் முடியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணனும் கூட்டாளிகளும் பிடுங்கிய கற்களை ஏரியில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள்.

மறுபடி நட வந்தவர்கள் போலீசோடு வந்தார்கள். அளவுச் சங்கிலி பிடித்தவன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆள், அண்ணன் வயதுதான். "அண்ணா, நான் கூலிக்கு வந்தவன்ணா, வுட்ருண்ணா" என்று கைகூப்பினான். அண்ணன் விடவில்லை. கடப்பாரை அவன் தலையை உரசித் தோளில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. காது கிழிந்து தொங்க, அவன் சேற்றில் உட்கார்ந்து தன் தாயைக் கூப்பிட்டான். அப்புறம் லத்தி. அண்ணனை வரப்பில் குப்புறத் தள்ளி, வலது மணிக்கட்டை பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டு விரல்களின் மேலேயே அடித்தார்கள். குறுக்கே விழுந்த அம்மாவின் பல் உடைந்தது. நான் தாவணியைக் கிழித்து முதலில் கட்டியது அந்தச் சங்கிலிக்காரனுக்கு. ரத்தம் அவனுக்குத்தான் அதிகம் போய்க்கொண்டிருந்தது. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்த அண்ணன் தவழ்ந்து வந்து என் முகத்தில் காறித் துப்பினான்.

காலனி வந்தது. நாங்கள் இரும்புலியூரில் ஒண்டுக்குடித்தனம் போனோம். "உங்க மாதிரி ஆளுங்க வந்தா வூடு நாறிப்பூடும்" என்று வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அண்ணனின் கை சோறு பிசையக்கூட மடங்கவில்லை. சாகும்வரை அவன் என்னோடு பேசவில்லை.

பச்சை விளக்கு எரிந்ததும் இதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். கல், கடப்பாரை, விரல்கள். கேரலும் அவள் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வாடகைக்காரர்களை விரட்டத்தான் என் கதை என்று அவர்கள் எடுத்துக்கொண்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி வரிசையில் எங்கள் மருத்துவமனையில் தரை துடைக்கும் ரோஸா, வரப்போகும் வீடுகளில் ஒன்று கிடைக்காதா என்று புருஷனோடு வந்திருந்தாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறுத்துங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்களும் வாடகைக்காரர்கள்தான்" என்றேன். சிவப்பு எரிந்தது. மைக் செத்தது. எங்கள் ஊர்ப் பழக்கப்படி தொண்டை கிழியக் கத்தினேன். காவலாளி என் முழங்கையைப் பிடித்தான். கூட்டத் தலைவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார். கேட்டுவிட்டார் என்று நினைத்துக் கும்பிட்டேன். எல்லோருக்கும் அதையேதான் சொன்னார் என்பது உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. ரோஸா அதற்குள் எழுந்து போய்விட்டாள்.

வீடுகள் கட்ட அனுமதி எப்படியோ கிடைத்துவிட்டது. வயலில் ஆரஞ்சு நாடா கட்டிய அளவுக் கட்டைகளை நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்தால், கையுறை போட்டுக்கொண்டு கேரல் அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்! சட்டம் பேசும் இந்த ஊரிலும் கடைசியில் அதே வைத்தியம்தான். ஒரு கட்டையை என் கையில் திணித்தாள்.

"இது உன் அண்ணனுக்காக" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளை அறைய வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

அவள் உள்ளே போனதும், சுற்றுமுற்றும் பார்த்தேன். முதல் கல்லைப் பிடுங்குமுன் அண்ணனும் அன்று இப்படித்தான் பார்த்தான். குழியைத் தேடி, கட்டையைத் திரும்ப நட்டு, ஒரு கல்லால் ஓங்கி ஓங்கி அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அண்ணனின் எச்சில் என் கன்னத்தில் சுட்டது. துடைக்கவில்லை, கட்டை இறங்கும்வரை அடித்தேன்.