வீடு கேட்ட பாட்டுக்கு நான் பிடித்த வீடியோ

போன வாரம் ஸ்டோரை ஒழிக்கும்போது என் பழைய வீடியோ லைட் அகப்பட்டது. எரிகிறதா பார்ப்போமே என்று பிளக்கைச் சொருகினேன். எரிந்தது. கூடவே கண்ணாடியில் படிந்திருந்த தூசி கருகும் வாடையும் கிளம்பியது. உங்களுக்கு அது வெறும் தூசி. எனக்கு அது கல்யாண மண்டபம், வேர்வை, மல்லிகைப்பூ, தாலி கட்டும் நேரம் பார்த்துக் குறுக்கே வந்து நிற்கும் ஏதோ ஒரு மாமாவின் முதுகு.

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இரண்டு வீடியோ டெக்கை வைத்துப் படத்தை வெட்டி ஒட்டும் வேலையை நானாகவே கற்று, மலாக்கா டவுனில் கடை போட்டேன். தொண்ணூறுகளில் மஸ்ஜித் தானா ஊரிலிருந்துகூட ஆள் வந்து, என் தேதியைக் கேட்டுவிட்டுத்தான் முகூர்த்தம் குறித்தார்கள். காரணம், வந்த ஒரு முகத்தையும் விடமாட்டேன். பந்தியில் சாப்பிடுகிறவர் இலையிலிருந்து தலை நிமிரும்வரை நின்று பிடிப்பேன். ஒரு சித்தப்பா விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தில் அப்புறம் பேச்சுவார்த்தை இருக்குமா?

அப்போதுதான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டிய முனியாண்டி வந்தான். தோட்டத்தை விற்கப்போகிறார்கள், தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு. அவன் ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். ‘மரத்த வித்தீங்க, மண்ண வித்தீங்க, மனுசன எங்க வைப்பீங்க’ என்று போகும். தேர்தல் வருகிறது, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு வீடியோவாகப் போட்டுக் காட்டவேண்டும் என்றான். பாட்டென்றால் கடற்கரை இல்லாமலா, செர்காமுக்குப் போவோம் என்றேன்.

“வீடு கேக்குற பாட்டுல கடல் எதுக்குண்ணே? மீன்கிட்டயா கேக்கப்போறோம்?” என்றான்.

லயத்திலேயே பிடித்தோம். ஜனங்கள் தீபாவளிச் சட்டையோடு வந்து நின்றார்கள். எனக்குத் தெரிந்தது கல்யாண வேலை. அவரவர் வீட்டு வாசலில் நிறுத்தி, லைட்டை முகத்தில் அடித்து, ஒவ்வொருவராகப் பிடித்தேன். கீழே பெயரும் போட்டேன், மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் போடுவதுபோல.

அஞ்சலை அக்கா மட்டும் உள்ளே போய்விட்டார். புருஷன் இல்லாதவர். பால்மரம் வெட்டி ஓய்ந்து, வேலையிலிருந்து நின்றவர். கிராணி என்கிற தோட்ட ஆபீஸ் குமாஸ்தா கண்டும் காணாமல் விட்டதால் அந்த வீட்டில் இருந்தார்.

“என்னைய விட்டுருப்பா. ஆபீஸ்ல பாத்தா மொதல்ல என்னையத்தான் வெரட்டுவாங்க. நான் எங்க போவேன்?”

“ஒங்கள விட்டா என் பேரு என்னாகும்க்கா? தலைய சீவிட்டு வாங்க.”

சிரித்துக்கொண்டே வந்தார். ‘எங்க வைப்பீங்க’ என்ற இடத்தில் நேராக லென்ஸைப் பார்த்துப் பாடினார். என் கையால் பிடித்ததிலேயே அதுதான் நல்ல ஷாட். கடைசியில் போட்டு, முகத்தை அப்படியே அசையாமல் நிறுத்தினேன்.

டேப் கைமாறிக் கைமாறி ஆபீசுக்கும் போயிருக்கிறது. மகள் கல்யாணத்துக்குத் தேதி கேட்டுவந்த கிராணி என் தோளைத் தட்டினார். “நல்ல தெளிவு லா ஒன் படம். யாரு எவருன்னு எங்களுக்கு விசாரிக்கவே தேவையில்லாம போச்சு.”

நான் மகிழ்ந்துபோய் அவருக்கு ஒரு தே தாரேக் டீ சொன்னேன். அவர் குடித்துவிட்டுப் போனபிறகுதான் அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி முதல் நோட்டீஸ் அஞ்சலை அக்காவுக்குப் போனது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் வீடியோவைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். அக்கா பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு வாடகை அறைக்குப் போய், அங்கே ஃபேக்டரியில் கூட்டித் துடைத்துப் பிழைத்தார். ஒரு பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டு போனேன். “அக்கா, நான்…” என்று இழுத்தேன்.

“வீடு ஒன்னு கெடைக்கட்டும் தம்பி, கூப்புடுறேன். கதவு தெறக்குறதுலேர்ந்து புடி,” என்றார்.

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி வாதாடியிருப்பேன். அவர் கூப்பிடவேயில்லை. அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தார்.

லயம், கோயில், ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை, எதுவும் இப்போது அங்கே இல்லை. கேட் போட்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கடையை மூடுவதற்குச் சில மாதம் முன்பு, அதில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார்கள். நல்ல மனுஷர்கள்தான். வாசல் கதவு திறப்பதிலிருந்து பிடிக்கவேண்டும் என்றார்கள். அந்தத் தேதி எனக்குத் தோதுப்படாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.