சயாமா, கருவாடா?

குடும்பம் நடத்தும் உத்தியோகத்தில் சமையல், துணிதுவைப்பு எல்லாம் சில்லறை வேலை. முடிவெடுக்கத் தெரியாத ஆம்பிளையை முடிவெடுக்க வைப்பதுதான் முழுநேர வேலை. என்னைப்போல் தலையில் அடித்துக்கொள்ளும் அக்காமார்களே, கேளுங்கள்.

யோசனை வாங்கப் போனார்

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கணக்கெழுதும் கிராணி. பால்வெட்டு நின்றுபோய், ஆட்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து பேச்சுமூச்சில்லை. அடுத்த லாரியில் இவரும் ஏறவேண்டுமென்று உத்தரவு. அதற்குள் கடலோரத் தஞ்சோங் டாவாயில் கருவாடு போடும் என் தம்பி வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றேன். இவரோ ஊரெல்லாம் யோசனை கேட்கக் கிளம்பினார். "சயாமுல அரிசிச் சோறாம், கிராணியாரே!" என்று, கூலியாட்களை மேய்க்கும் மண்டோர், மரவள்ளி தின்று அலுத்த நாக்கைச் சப்புக்கொட்டினார். மனம் ஆடிப்போய், பீடோங் மளிகைக்கடை நானாவிடம் போய் நின்றார். நானா காலிச் சாக்கை உதறிக்கொண்டே கேட்டாராம்:

"மரவள்ளி வாங்க வந்தீங்களா, புத்தி வாங்க வந்தீங்களா? ரெண்டும் இல்ல லா!"

கத்தரிக்கோல் கணக்கு

கான்வென்டில் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த மதர், நூலோட்டிப் பார்க்காமல் துணியை வெட்டினால் விரலிலேயே அடிப்பார். நூலைப் பிரிக்கலாம், வெட்டியதை என்ன செய்வது? அதையே இவருக்கு எடுத்துச் சொன்னேன். "தம்பி வீடு பிடிக்கலைன்னா திரும்பிடலாங்க. சயாம் பிடிக்கலைன்னா?" கண்ணை மூடி, வெகுநேரம் ஆழ்ந்து யோசித்தார். எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. பிறகு கேட்டார்:

"அதெல்லாம் சரி, கருவாட்டு நாத்தத்துல எப்படித் தூங்கறது?"

பூக்கட்டு

கடைசியில் சாமிமுன் பூக்கட்டிப் பார்ப்பதென்றார். சிவப்பு வந்தால் ஓடுவது, வெள்ளை வந்தால் லாரி. பொட்டலம் மடிக்கிற வேலை என்னுடையது. இரண்டிலும் செம்பருத்தியையே வைத்தேன். பின்னே, பிள்ளைகளின் அப்பனை வாழையிலைப் பொட்டலத்தை நம்பியா விடுவது?

எடுத்தார். சிவப்பு. முகம் மலர்ந்தவர், "அதுல வெள்ளை இருக்கான்னு பாப்போம்" என்று அடுத்ததற்கும் கை நீட்டினார். பிடுங்கி அடுப்பில் போட்டேன். "சாமியையே சோதிக்கிறீங்களா?" கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னை முறைத்தார்:

"மூட்டையைக் கட்டாம இன்னும் என்ன யோசிச்சுக்கிட்டு நிக்கற?"

உடனே எடுத்த முடிவு

அந்த லாரியில் மண்டோர் போனார். அவர் திரும்பவேயில்லை. இனி வரமாட்டார் என்ற சேதி தஞ்சோங் டாவாய்க்கு வந்த அன்று, இவர் சாப்பிடாமல் கருவாட்டுப் பரணடியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் சில நாளிலேயே, மீனைப் புரட்டிப்போட்டபடி என் தம்பிக்குப் பாடம் நடத்தினார்:

"ஆம்பிளைன்னா டக்குனு முடிவெடுக்கணும், மச்சான்!"

அக்காமார்களே, நீங்கள் எடுத்த முடிவு வீட்டில் செல்லுபடியாக வேண்டுமென்றால், அதை எடுத்தது யார் என்பதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.