சீட்டில் விழுந்த நண்டுக்குஞ்சு

கண்டுபிடிப்பு என்பது அசையாமல் நிற்கிறவர்களின் தலையில் தானாக வந்து உட்காரும் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் ஆராய்ச்சிக் கொட்டகையின் தலைவர், நாங்கள் சார் என்று அழைத்தவர், அப்படித்தான் நிற்பார். பழவேற்காட்டுப் படகுத்துறையின் கடைசியில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி. உள்ளே ஏதோ விளைந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து நான் ஆடுகளை விரட்டினேன், காக்கைகளை விரட்டினேன், மீன் கூடையோடு போன அம்மாக்களிடம் "மெதுவா பேசுங்க, சார் யோசிக்கிறாரு" என்று சொல்லி வசவும் வாங்கினேன். "யோசிக்கிறதுக்கு எங்க கரைதான் கெடச்சுதா? அவுரு வூட்ல எடம் இல்லியா?" என்றார் ஒருவர். ஒருநாள் நானும் அதே இடத்தில் அதே தோரணையில் நின்று பார்த்தேன். மண்டை காய்ந்தது, வேறு எதுவும் வரவில்லை. சாருடைய செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். பழைய நண்பன் ஒருவன் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சார்தான். தலை நரைத்து, தோளில் பொன்னாடையோடு, ஏதோ கல்லூரி மேடையில் "படைப்பூக்கமும் விஞ்ஞானமும்" பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "பூநாரைகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. அந்த நொடியில் எனக்குள் ஒரு மின்னல். நண்டுக்குஞ்சுகள் எங்கே வளர்கின்றன என்று எனக்குத் தெரிந்துவிட்டது." மாணவர்கள் கை தட்டினார்கள். சரியாக அதே நேரம் பிளாட்பாரத்துக்கு அப்பாலிருந்த சாக்கடையிலிருந்து பாசி அழுகிய நாற்றம் குப்பென்று வந்தது. அந்த மேடையில் யாரும் முகராத உண்மை அதுதான். மின்னலுக்கு வாசனை கிடையாது. எங்கள் கண்டுபிடிப்புக்கு இருந்தது. சோப்புப் போட்டும் போகாத வாசனை.

அப்போது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. பதவி 'திட்ட உதவியாளர்'. வேலை, வாளி தூக்குவதும் சல்லடை கழுவுவதும். மீஞ்சூரில் பிறந்து வளர்ந்தவன் நான். தண்ணீர் என்றால் எனக்குக் குழாயில் வருவது. முழங்காலுக்கு மேல் ஏரித் தண்ணீர் ஏறினாலே என் குலதெய்வங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

வாளியும் சல்லடையும் யாருக்காக என்றால், ஸ்டெல்லாக்காவுக்காக. சுண்ணாம்புக்குளத்துப் பெண். சாரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். பெரிய சேற்று நண்டு அந்த ஏரியில் உண்டு, எல்லோருக்கும் தெரியும். அது விரல்நகம் அளவுக் குஞ்சாக இருக்கும்போது எங்கே ஒளிந்து வளர்கிறது என்பது தெரியாது. அதைக் கண்டுபிடித்துக் காட்டினால் அக்கா டாக்டர். காட்டாவிட்டால் ஒன்றும் இல்லை.

தேட வேண்டிய இடங்களைச் சார் வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுப்பார். எப்படி வைக்கிறீர்கள் என்று அக்கா ஒருமுறை கேட்டார். "உள்ளுணர்வும்மா," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த உள்ளுணர்வு சற்று வினோதமானது. படகுத்துறையை விட்டுத் தூரமாகப் போகாது. நாற்றமடிக்கும் பக்கம் போகாது. பூநாரை தெரிகிற பக்கமாகவே சுற்றும். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரத்தில் நின்றுவிடும். வருடக்கணக்காக அந்தப் புள்ளிகளில் சல்லடை போட்டோம். கிளிஞ்சல் வந்தது, பாசி வந்தது, யாரோ தொலைத்த செருப்பு வந்தது.

கடைசியில் ஒருநாள் சமோசாவை மென்றுகொண்டே சார் சொன்னார்: "இந்த சீசன் முடியறதுக்குள்ள கெடைக்கலன்னா தலைப்ப மாத்திடலாம்மா." சமோசாவுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட அந்த வாக்கியத்துக்குக் கொடுக்கவில்லை. அக்காவின் உதவித்தொகையும் அந்தப் பருவத்தோடு முடிகிறது. தலைப்பை மாற்றுவது என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்றே பொருள்.  அக்கா வெளியே வந்து, ஏற்கெனவே கழுவிய சல்லடையை மறுபடி கழுவினார்.

பருவத்தின் கடைசி வாரம் சார் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போய்விட்டார். புள்ளி வைக்க ஆள் இல்லை. படகில் மூன்று பேர். அக்கா முகத்துவாரத்துப் பக்கம் போகலாம் என்றார். நான் டீக்கடைக்கு எதிர்த் திட்டைச் சொன்னேன். அறிவியல் காரணங்களும் சொன்னேன். படகோட்டி தேசப்பன், தன் மச்சான் வலை போட்டிருக்கும் பக்கம் போனால் நல்லது என்றார். அங்கே அவருக்குச் சொந்த வேலை இருந்தது. கொஞ்ச நேரம் கத்திக்கொண்டோம்.

"இன்னாத்துக்கு சண்ட? சீட்டுப் போட்டு எடு," என்றார் தேசப்பன். "எங்க ஊர்ல பாட்டுக்கே சீட்டுதான்."

எந்த வீட்டுக்காரர் எந்தத் துறையில் எப்போது வலை போடுவது என்பதை அங்கே சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நல்ல இடம், மட்டமான இடம் எல்லாமே சீட்டில் இருந்தாக வேண்டும். விழுந்ததை மாற்றக் கூடாது. பிஸ்கட் அட்டையைக் கிழித்து அக்கா எழுத, தேசப்பன் ஏரியின் இடங்களை ஒன்றுவிடாமல் சொன்னார். படகில் தண்ணீர் இறைக்கும் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். கையை விட்டவன் நான். வந்தது, இறால் பண்ணைகளுக்குப் பின்னால் கிடக்கும் கருப்பு ஓடை.

சீட்டை மறுபடி டப்பாவுக்குள் போடப் பார்த்தேன். "அண்ணே, இன்னொரு சீட்டு எடுக்கலாமா?"

"பாட்டுல ரெண்டாவது சீட்டு கெடையாது நைனா."

"அங்க பாம்பு கீதுன்னு சொன்னீங்களே."

"கீது. அதுக்கு இன்னா பண்றது? அதுவும் சீட்டு எடுத்துதான் வந்துச்சோ இன்னாவோ."

இந்த இடத்தில் தேசப்பனை ஏரியறிந்த ஞானி என்று நினைத்துவிடப் போகிறீர்கள். அதெல்லாம் இல்லை. "அந்த நாத்தத்துல நண்டா? பொணங்கூட ஒதுங்காது. போனோம், பாத்தோம்னு திரும்பிடலாம்" என்றுதான் அவர் படகைத் தள்ளினார். அக்காவுக்கும் நம்பிக்கை இல்லை. எனக்கு இருந்தது பயம் மட்டும். விஞ்ஞானம் அன்று காலை இந்த லட்சணத்தில்தான் புறப்பட்டது.

ஓடையில் சல்லடை இறங்கவில்லை. அழுகிய பாசியும் சேறும் அடை அடையாகக் கிடந்தன. "கையால தடவு," என்றார் அக்கா. அங்கே இறால் பிடிப்பவர்கள் அப்படித்தான் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஏதோ ஒன்று என் சுண்டுவிரலைக் கவ்வியது.

நான் போட்ட சத்தத்தில் தேசப்பன் துடுப்பை விட்டுவிட்டார். "பாம்பு கடிச்சிருச்சு, அக்கா, எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று அழுதேன். எதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. கையை உதறினேன். விரலிலிருந்து பொட்டளவு ஒன்று பறந்து சேற்றில் விழுந்தது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அது விழுந்த இடத்தைத்தான் பார்த்தார்.

"டேய், இன்னாத்தடா தூக்கிப் போட்ட?"

"பாம்பு..."

"பாம்புக்குக் கொடுக்கு கீதா? ஆடாம நில்லு."

பிறகு அக்கா மண்டியிட்டுத் தடவ ஆரம்பித்தார். நான் படகிலேறி விரலை ஊதிக்கொண்டிருந்தேன். விஷம் ஏறுகிறதா என்று தேசப்பனிடம் நாக்கை நீட்டிக் காட்டினேன். "நாக்கு நல்லாத்தான் கீது, அத்த உள்ள வெச்சிக்கினு எறங்கிப் போய் தேடு," என்றார். இறங்கினேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் சற்றுப் போனால் கை தரையைத் தொடாது. அக்காவின் கன்னம் தண்ணீரில் பட்டது. கிளிஞ்சல் கிழித்து முழங்கை வரை வெட்டுக் காயம். ஒருமுறை முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டார்; சேறா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

"கெடச்சிருச்சு," என்றார். கத்தவில்லை. மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "தம்பி, வாளி குடு" என்றார். பிறகு அதே பாசியடியில் இன்னொன்று, பக்கத்தில் இன்னும் சில. நகத்தளவு சேற்று நண்டுகள், கோபமாக.

கல்யாணச் சாப்பாடு முடிந்து வந்த சார் வாளிக்குள் பார்த்தார். "எனக்கு ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருந்துச்சு," என்றார். சில நாளில் அது யூகமாயிற்று, கட்டுரையில் கருதுகோள் ஆயிற்று, அவர் பெயர் முதலில் வந்தது. மேடைக்கு மேடை வளர்ந்து இப்போது பூநாரையும் மின்னலும் ஆகியிருக்கிறது. நான் கொதித்தபோது அக்கா, "விடு, தலைப்பு மாறலல்ல" என்றார்.

அக்காவுக்குப் பட்டம் கிடைத்தது. தூரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்துகிறார். பாடுச் சீட்டில் இப்போது பாதித் துறைகளின் பெயரைச் சொல்லவே ஆள் இல்லை என்கிறார்கள். தண்ணீர் வற்றி மணல் மேடிட்டுவிட்டதாம். கருப்பு ஓடையை, நண்டு கிடைத்த அடுத்த கோடையிலேயே பண்ணைக்காரர்கள் லாரி லாரியாக மண் கொட்டி மூடிவிட்டார்கள். அதற்கு முன்பு அக்கா பிடித்தது மொத்தம் ஒரு வாளி. அதற்குப் பிறகு அந்தக் குஞ்சுகள் எங்கே போயின என்று யாரும் தேடவில்லை.