தண்ணியில ஓடின இஞ்சின்

செல்வி, காலையில உன் வூட்டுக்காரரு தண்ணியில ஓடுற இஞ்சின்னு போன்ல காட்டினாரும்மா. திண்டிவனத்துல யாரோ விக்கிறாங்களாம், ஆட்டோவுக்கு அத மாட்டப் போறாராம். அந்த டுப்டுப்பு சத்தத்துல எங்கப்பன் கெணத்துமேடு ஞாபகம் வந்துடுச்சு.

முகையூரு பக்கம் எங்க நெலம். ஏரி ஒடைஞ்சதுக்கு மறுவருஷம், எனக்கு எட்டு வயசு இருக்கும். அந்தக் காலத்து இஞ்சின பெட்ரோல்ல கெளப்பி, சூடானதும் கிருஷ்ணாயிலுக்கு, அதான் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். அந்த வாட எங்க சோத்துலகூட அடிக்கும். ஒருநாளு வெளியூரு மேஸ்திரி ஒருத்தன் வந்து, "பெட்ரோல்லருந்து கிருஷ்ணாயிலுக்கு மாறுதில்ல, அப்படியே தண்ணிக்கும் மாறும்ங்க"ன்னான். அப்பனுக்கு அது ஞாயமாப் பட்டுச்சு.

"அப்போ வெளக்குலயும் தண்ணிய ஊத்தி ஏத்தட்டா?"ன்னுச்சு எங்கம்மா.

"உனக்கு இன்னாடி தெரியும்?"னுட்டு அப்பன் டேங்குல தண்ணிய ஊத்தினாரு. இஞ்சின் ஓடிக்கினே இருந்துச்சு. எல்லாரும் கைதட்டினோம், மேஸ்திரியும்தான் தட்டினான். கொழாயில மிச்சமிருந்த கிருஷ்ணாயில் தீந்ததும் விக்கி நின்னுடுச்சு. உள்ள துரு புடிச்சு, அப்புறம் கெளம்பவே இல்ல.

மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காய் புடிக்கிற நேரம். இஞ்சின் வந்ததும் கவலை கட்டித் தண்ணி எறைச்ச மாட்ட வித்துட்டோம், இப்போ எறைக்க வழியில்ல. கெணறு நெறைய தண்ணி கெடந்துச்சு, கொல்லையில பயிரு காஞ்சுது. அப்பன் செடியப் புடுங்கிப் பாத்தாரு, எல்லாம் உள்ள பருப்பில்லாத பொக்கு. செடிய ஆட்டுக்குப் போட்டோம்.

மருமவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லும்மா. இருக்கிற பெட்ரோல ஒரு சொட்டு இல்லாம வடிச்சுட்டு, அப்புறம் ஓட்டிக் காட்டச் சொல்லி அந்த விக்கிறவங்கள கேக்கச் சொல்லு.